ஒரு சொல் சுமக்கும் பல பொருள்

முத்துக்குளித்துறைக் கடற்கரையில் வள்ளங்கள் கரை சேரும் வேளையில், "இன்று பாடு எப்படி?" என்று கேட்பார்கள். வலையில் விழுந்த மீனின் அளவைத்தான் அவர்கள் வினவுகிறார்கள். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் அதே மக்கள் கோயிலில் கூடி ஆண்டவருடைய பாடுகளைத் தியானிக்கிறார்கள். அங்கே பாடு என்பது துன்பம். பாடற்குழுவை நடத்துகிறவர் சிறுவனைப் பார்த்து, "உரக்கப் பாடு" என்கிறார். அங்கே அது இசைக்கச் சொல்லும் ஏவல். வீட்டுக்குத் திரும்பும் வழியில் இருவர் பேசிக்கொள்கிறார்கள்: "அவன் பாடு அவனுக்கு, நம் பாடு நமக்கு." அங்கே அது வாழ்க்கை நிலை.

சொல் ஒன்றே, பொருளோ நான்கு. ஆயினும் கடற்கரை மக்களுள் எவரும் இதனால் குழம்பியதாக நாம் கேட்டதில்லை. சொல் எந்த இடத்தில், எவர் வாயில், எவரை நோக்கி எழுகிறது என்பது பொருளைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. "பார்" என்ற சொல்லும் அப்படியே. புலவருக்கு அது உலகம். தாய்க்குத் தன் குழந்தையை நோக்கி, "இங்கே பார்" என்று அழைக்கும் சொல். தூத்துக்குடிக் கடலோடிக்கோ சிப்பி விளையும் கடலடிப் பாறைத் திட்டு. 1961-ஆம் ஆண்டோடு தூத்துக்குடியில் பெரிய முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. எனினும் முத்துப்பார் என்ற சொல் கரையில் இன்றும் நிற்கிறது.

எல்லாச் சொற்களும் இவ்வளவு எளிதாக வழிவிடுவதில்லை. சில சொற்கள் பேசுகிறவர் நெஞ்சில் ஒரு பொருளும் கேட்கிறவர் நெஞ்சில் வேறு பொருளுமாக இருந்து, ஒரே வீட்டாரை ஒருவருக்கொருவர் அந்நியராக்கிவிடுகின்றன. அவற்றைப் பற்றியே இங்குச் சிந்திக்க விரும்புகிறோம்.

இலக்கணம் கண்ட உண்மை

ஒரு சொல் பல பொருளுக்கு உரியதாவதையும், பல சொல் ஒரு பொருளுக்கு உரியதாவதையும் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் உரியியலில் வகுத்துக் காட்டினார். "கடி" என்ற ஓர் உரிச்சொல்லுக்கு மட்டும் காவல், கூர்மை, விரைவு, புதுமை, அச்சம், சிறப்பு எனப் பத்துக்கும் மேற்பட்ட பொருள்களை அவர் அடுக்குகிறார். கடிமணம் என்று திருமண அழைப்பிதழில் அச்சிடுகிறோம்; கடிநகர் என்று காவல் மிகுந்த நகரைச் சொல்கிறோம்; கடிது வா என்று விரைவுபடுத்துகிறோம்.

வீரமாமுனிவர் என்று நாம் போற்றும் பெஸ்கி அடிகளார், நம் மாவட்டத்துக் காமநாயக்கன்பட்டியில் பணியாற்றியவர். அவர் 1732-இல் சதுரகராதியை நான்கு பகுதிகளாக அமைத்தார். ஒரு சொல்லுக்கு உள்ள பல பொருள்களைப் பெயரகராதியிலும், ஒரு பொருளுக்கு உள்ள பல சொற்களைப் பொருளகராதியிலும் தொகுத்தார். வேற்று நாட்டிலிருந்து வந்து தமிழ் கற்றவருக்கு முதலில் தேவைப்பட்டது இதுவே. ஒரு சொல்லின் ஒரு பொருளை மட்டும் அறிந்து பேசத் தொடங்கினால் என்ன நேரும் என்பதை அவருக்கு முன்னே வந்தவர்கள் அனுபவத்தில் கண்டிருந்தார்கள்.

சவேரியார் திருத்திய சொல்

புனித சவேரியார் 1542-இல் இக்கரைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் ஓரளவு அறிந்தவர்களைக் கூட்டி, மன்றாட்டுகளை மிகுந்த உழைப்போடு தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியடித்துச் சிறுவரைக் கூட்டிக் கற்பித்தார். அந்த முதல் மொழிபெயர்ப்பில், "விசுவசிக்கிறேன்" என்று வரவேண்டிய இடத்தில், "எனக்கு வேணும்" என்ற சொற்கள் நின்றன. தம் உடன் உழைப்பாளர் பிரான்சிஸ் மன்சிலாசுக்கு 1544, 1545-ஆம் ஆண்டுகளில் அவர் எழுதிய மடல்களுள் ஒன்றில் இதனைச் சுட்டிக்காட்டி, "வேணும்" என்பது விருப்பத்தைக் குறிக்கும் சொல் என்றும், அதற்குப் பதிலாக விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லையே வழங்கவேண்டும் என்றும் அறிவுறுத்தினார்.

அதே மடலில் மற்றொரு திருத்தமும் உண்டு. ஆண்டவர் பாடுபட்டதைக் கூறும் இடத்தில், "வன்பினாலே" என்ற சொல் புகுந்திருந்தது. வன்பு என்றால் வலுக்கட்டாயம். கிறிஸ்துவோ தம் உயிரை எவரும் பறித்துக்கொள்ளவில்லை, தாமாகவே அதைக் கொடுப்பதாக யோவான் நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் கூறுகிறார். ஆகவே அச்சொல்லை நீக்கும்படி சவேரியார் எழுதினார்.

அம்மடலை எழுதிய நாள்களில் அவருக்கு வேலை குறைவாக இருக்கவில்லை. படையெடுப்புக்கு அஞ்சி ஓடிய மக்களுக்கு உணவும் படகும் தேடவேண்டியிருந்தது. அத்தனை அலுவல்களுக்கு நடுவிலும் இரண்டு சொற்களைத் திருத்த அவர் நேரம் ஒதுக்கினார். கட்டாயத்தால் இறந்த கடவுள் ஒருவர். அன்பினால் தம்மைக் கையளித்த கடவுள் வேறொருவர். கடற்கரைச் சிறுவன் எந்தக் கடவுளை அறியப்போகிறான் என்பது அந்த ஒரு சொல்லைப் பொறுத்திருந்தது.

மீசையும் பூசையும்

அவருக்குப் பின் 1547 முதல் இக்கரையில் உழைத்த என்றீக்கே என்றீக்கசு அடிகளார் தமிழை முறையாகக் கற்று, இலக்கணம் எழுதினார். 1578-இல் கொல்லத்தில் அவருடைய "தம்பிரான் வணக்கம்" 16 பக்கங்களில் அச்சேறியது. இந்திய மொழி எழுத்துகளில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் அது. அதில் தம்பிரான் என்பது கடவுளைக் குறித்தது. இன்று அதே சொல் சைவத் திருமடங்களின் துறவியரைக் குறிக்கிறது. சொல் மாறவில்லை; அதில் குடியிருந்த பொருள் மாறிவிட்டது.

திருப்பலிக்கு அக்காலத்தில் போர்த்துகீசியச் சொல்லான "மிசா" என்பதையே தமிழ் ஒலிக்கு இசைய வழங்கினர். கேட்ட தமிழர் காதில் அது மீசையாக ஒலித்தது! மதுரையில் வாழ்ந்த தத்துவபோதகர் இராபர்ட் தெ நொபிலி அடிகளார் இந்தச் சங்கடத்தை எடுத்துக் காட்டினார். பின்னர்ப் பூசை என்ற சொல் நிலைபெற்றது. நம் முதியோர், "பூசை கண்டாயா?" என்று இன்றும் கேட்பது அந்த வழக்கினால்தான். அந்தப் பூசைக்கும் பழந்தமிழில் இன்னொரு பொருள் உண்டு, அது பூனை. கம்பர் தம் அவையடக்கத்தில் பாற்கடலை நக்கப் புகுந்த பூனையைப் பூசை என்றே குறிக்கிறார். ஆயினும் பூசைக்குப் போகும் எவருக்கும் பூனை நினைவுக்கு வருவதில்லை. பழைய பொருள் வழக்கிறந்துவிட்டால் அதனால் தீங்கில்லை. இரண்டு பொருளும் ஒரே காலத்தில் உயிரோடு இருக்கும்போதுதான் இடர்ப்பாடு எழுகிறது. அத்தகைய சொல் ஒன்று இப்பொழுது நம் இல்லங்களிலேயே இருக்கிறது. அது "நம்பிக்கை" என்ற சொல்.

ஒரே செபமாலையில் இரண்டு நம்பிக்கை

செபமாலையின் தொடக்கத்தில் மூன்று அருள்நிறை மந்திரங்களை விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என்ற மூன்று புண்ணியங்களுக்காகச் சொல்லும் வழக்கம் நம் பாட்டிமாருக்கு உண்டு. விசுவாச முயற்சி, நம்பிக்கை முயற்சி, தேவசிநேக முயற்சி என்று பழைய செபப் புத்தகங்களில் தனித்தனி மன்றாட்டுகள் இருந்தன. அவர்களுக்கு நம்பிக்கை என்பது வரப்போகும் பேரின்பத்தை உறுதியோடு காத்திருப்பது.

1995-இல் கத்தோலிக்கரும் பிற சபையினரும் இணைந்து உருவாக்கிய திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு வெளிவந்தது. புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் போற்றும் அம்மூன்றும் அதில் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்று அமைந்தன. விசுவாசம் இருந்த இடத்தில் நம்பிக்கை வந்தது. நம்பிக்கை இருந்த இடத்தில் எதிர்நோக்கு வந்தது. "விசுவசிக்கிறேன்" என்ற இடத்தில் "நம்புகிறேன்" என்று அறிக்கையிடப் பழகினோம். 2025-ஆம் யூபிலி ஆண்டின் கருப்பொருளையும் எதிர்நோக்கின் திருப்பயணிகள் என்றே கொண்டாடினோம்.

ஆகவே மாலைச் செபத்தில் பாட்டியும் பேரனும் அருகருகே முழந்தாளிட்டு, "நம்பிக்கை" என்று ஒரே குரலில் சொல்லும்போது, பாட்டி சொல்வது ஒன்று. மறைக்கல்வி வகுப்பில் படித்த பேரன் சொல்வது வேறொன்று. எவரும் தவறு செய்யவில்லை. ஒருவர் சொல்வது மற்றவருக்குச் சென்று சேரவில்லை என்பதுதான் குறை.

இக்குறை நம் வீட்டு வாயிலோடும் நிற்பதில்லை. சாயர்புரம் வட்டாரத்தில் வாழும் நமக்குத் தென்னிந்தியத் திருச்சபையினர் அண்டை வீட்டார், பலருக்கு உறவினரும்கூட. 1842 முதல் சில ஆண்டுகள் இவ்வூரில் பணியாற்றிக் கல்விக்கூடம் நிறுவிய ஜி. யு. போப் ஐயர், 1886-இல் திருக்குறளை ஆங்கிலமாக்கியவர் என்பதை நாம் அறிவோம். அவர் வழிவந்த சபையினரின் பழைய திருமறையில் அம்மூன்றும் இன்னும் விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்றே இருக்கின்றன. "நம்பிக்கை" என்ற சொல்லை நம் வீட்டுப் பாட்டி எந்தப் பொருளில் சொல்கிறாரோ, அதே பொருளில்தான் அடுத்த தெருச் சபை மக்களும் சொல்கிறார்கள். திருமண வீட்டிலும் துக்க வீட்டிலும் அவர்களோடு கூடிச் செபிக்கும் நாம் இதனை அறிந்திருத்தல் நலம்.

ஊரின் பெயரே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. சாயர் என்ற வணிகர் கிறிஸ்தவர்கள் குடியேற நிலம் வாங்கித் தந்ததால் சாயர்புரம் ஆயிற்று என்பது ஊர் வரலாறு. ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு மரம் அறுப்பவர் என்று பொருள். தமிழ்க் காதுக்கோ அது சாயத்தை நினைவூட்டும். இங்கே பிறந்து வளர்ந்தவருக்கு இவ்விரண்டும் இல்லை. அது தம் ஊர், அவ்வளவே.

படுக்கையருகே ஒரு சொல்

நோயாளர் வீடுகளுக்குச் செல்லும் குருவானவர் எவரும் இவ்வேறுபாட்டின் கனத்தை அறிவார். மருத்துவர், "நம்பிக்கை இல்லை" என்கிறார். பிழைக்கும் வாய்ப்பு இல்லை என்பதே அவர் கருத்து. அதைக் கேட்டு வந்த மகனிடம் நாம், "நம்பிக்கையோடு இருங்கள்" என்கிறோம். கடவுளைப் பற்றிக்கொள்ளுங்கள் என்பது நம் கருத்து. மகனுக்கோ, மருத்துவர் மறுத்ததைக் குருவானவர் தருவதாகத் தோன்றுகிறது. மூன்றாம் நாள் தாய் இறந்துவிட்டால், "சாமி நம்பச் சொன்னார், நம்பினேன், என்ன பயன்?" என்று அவர் உள்ளம் கசந்துபோகிறது.

அத்தகைய இல்லம் ஒன்றில் முதிய தாய் ஒருவரைச் சந்தித்தேன். பிள்ளைகள் வெளியே நின்று அழுதுகொண்டிருந்தார்கள். அவர் என்னைப் பார்த்து மெல்லிய குரலில், "சாமி, நம்பிக்கை இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாராம், பிள்ளைகள் அழுதுட்டு நிக்கு. போனா நம்பிக்கைதான போச்சு, விசுவாசம் எங்கயும் போவலயே. எனக்கு அவஸ்தைப்பூசுதல் குடுங்க" என்றார்.

உடல் நலம் திரும்பும் என்ற எதிர்பார்ப்பையும் இறைவன் மேல் உள்ள பற்றுறுதியையும் அந்தத் தாய் தெளிவாகப் பிரித்துவிட்டார். அவருக்கு அதைச் செய்ய இரண்டு சொற்கள் இருந்தன. அவருடைய பிள்ளைகளுக்கு இருந்தது ஒன்றே. அதனால் அந்த ஒரு சொல் விழுந்தபோது அவர்களுக்கு எல்லாமே விழுந்ததாகத் தோன்றியது.

அவர் கேட்ட அவஸ்தைப்பூசுதல் என்ற சொல்லையும் இங்குக் கருதவேண்டும். அவஸ்தை என்பதற்கு வடமொழியில் நிலை என்பதே பொருள். தமிழில் அது துன்பமாகி, பின் மரண வேதனையாகவே சுருங்கிவிட்டது. எனவே குருவானவரை அழைத்தால் மரணத்தை அழைத்ததாகும் என்று அஞ்சி, நோயாளியின் நினைவு தப்பும்வரை காத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கம், நோயாளர் பூசுதல் என்பதே இவ்வருட்சாதனத்துக்கு மேலும் பொருத்தமான பெயர் என்றும், இது சாகும் தறுவாயில் இருப்போருக்கு மட்டும் உரியதன்று என்றும் கற்பித்தது. 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் இதன் சடங்கு முறையைப் புதுப்பித்தார். புனித யாக்கோபு தம் மடலின் ஐந்தாம் அதிகாரத்தில் சொல்வதும் நோயுற்றவரைப் பற்றியே. நோயில்பூசுதல் என்ற பெயர் வந்து பல்லாண்டுகள் ஆகியும், பழைய பெயரின் அச்சம் இன்னும் சில வீடுகளில் கதவைச் சாத்தி வைத்திருக்கிறது. தன் தாய்க்கு நினைவிருக்கும்போதே அவ்வருளைப் பெற்றுத் தரத் தவறிய மகன், பின்னர் வருந்திப் பயனில்லை.

வேர்கள் தரும் வெளிச்சம்

அப்படியானால் விசுவாசம் சரியா, நம்பிக்கை சரியா என்று சிலர் கேட்கிறார்கள். "விசுவாசத்தை ஏன் எடுத்தீர்கள்?" என்று முதியோர் வருந்துவதும் உண்டு. விசுவாசம் என்ற சொல்லும் ஒரே பொருளோடு நிற்பதன்று. நாயின் விசுவாசம் என்கிறோம்; முதலாளிக்கு விசுவாசமான ஊழியர் என்கிறோம். அங்கே அது நன்றி மறவாமை. நம்பிக்கையை எடுத்தாலும், தன்னம்பிக்கை, மூடநம்பிக்கை, நம்பிக்கைத் துரோகம், நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்று அது செல்லும் இடங்கள் பல. பழுதற்ற சொல் ஒன்றைத் தேடிக் காண்பது அரிது. ஒவ்வொரு மொழியும் இம்மறைபொருளின் ஒரு பக்கத்தையே ஒளியிட்டுக் காட்டுகிறது.

எபிரேய மொழியில் விசுவாசத்தைக் குறிக்கும் சொல், உறுதியாய் நிற்றல் என்ற வேரிலிருந்து பிறந்தது. நாம் ஒவ்வொரு செபத்தின் முடிவிலும் சொல்லும் "ஆமென்" அதே வேரில் கிளைத்ததே. கிரேக்கச் சொல், நம்பி ஏற்றலையும் நம்பத்தகுந்தவராய் இருத்தலையும் சேர்த்துக் குறிக்கும். நாம் கடவுளை நம்புவதோடு, கடவுளும் அயலாரும் நம்மை நம்பும்படி நடக்கவேண்டும் என்பது அதில் அடங்கியிருக்கிறது. இலத்தீன் திருப்பலியில் முதியோர் கேட்டுப் பழகிய "கிரேதோ" என்ற சொல், இதயத்தை ஒன்றின்மேல் வைத்தல் என்ற பழமையான வேரிலிருந்து வந்தது என்பர் மொழிநூலார்.

நம் தமிழ்ச் சொல்லோ இன்னும் வியப்பானது. நம்பு என்ற உரிச்சொல்லுக்குத் தொல்காப்பியர் உரியியலில் தரும் பொருள் நசை, அதாவது விருப்பம். பழந்தமிழன் ஒருவன் "நம்பினேன்" என்றால், "விரும்பினேன்" என்றே அதற்குப் பொருள். பின்னரே அது உறுதியாய் ஏற்றலைக் குறிக்கலாயிற்று. சவேரியாருக்கு உதவியவர்கள் "எனக்கு வேணும்" என்று வைத்தது, அக்காலப் பேச்சில் பொருந்தாத மொழிபெயர்ப்பே. அதனைத் திருத்தியதும் முறையே. ஏனெனில் சொல்லின் பொருளை, கேட்கிறவர் எப்படிக் கொள்வார் என்பதை வைத்தே தீர்மானிக்கவேண்டும். ஆயினும் இறைவனை விரும்பாத உள்ளத்தில் விசுவாசம் வேர் பிடிப்பதில்லை என்ற உண்மை, தமிழ்ச் சொல்லின் அடியில் புதைந்திருந்தது.

"வேண்டும்" என்பதுகூட வெறும் ஆசையோடு முடிவதில்லை. "சோறு வேண்டும்" என்பது தேவை. "உண்மை பேசவேண்டும்" என்பது கடமை. "இறைவனை வேண்டு" என்பது மன்றாட்டு. "அவர் எனக்கு வேண்டியவர்" என்பது உறவு. தேவை, கடமை, மன்றாட்டு, உறவு ஆகிய நான்கும் கூடியதுதானே இறைப்பற்று?

இல்லங்களில் செய்யத்தக்கது

மாலைச் செபம் முடிந்தபின் சில நிமிடங்கள், செபத்தில் வந்த ஒரு சொல்லை எடுத்து, அது உங்களுக்கு என்ன பொருள் தருகிறது என்று வீட்டில் உள்ளோர் ஒவ்வொருவரையும் கேளுங்கள். பாட்டி முதலில் சொல்லட்டும். சிறு பிள்ளை கடைசியில் சொல்லட்டும். பாட்டியின் விசுவாசத்தையும் பேரனின் நம்பிக்கையையும் ஒரே வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள். பாட்டி பழைய சொல்லைச் சொல்லும்போது பிள்ளைகள் திருத்தவேண்டாம். பிள்ளை புதிய சொல்லைச் சொல்லும்போது பெரியோர் கடிந்துகொள்ளவேண்டாம். இருவரும் தத்தம் சொல்லை மற்றவருக்கு விளக்கட்டும்.

நோயாளி இருக்கும் வீட்டில், "நம்பிக்கை இல்லை" என்ற சொல் காதில் விழுந்தால், எதைக் குறித்து அது சொல்லப்பட்டது என்று நின்று கேளுங்கள். மருத்துவர் தம் மருந்தின் எல்லையைச் சொல்லியிருக்கிறார். இறைவனுடைய எல்லையை அவர் சொல்லவில்லை. நோயில்பூசுதலுக்குக் குருவானவரைக் காலத்தோடு அழையுங்கள்.

கணவன் மனைவியிடையே எழும் சச்சரவுகளிலும் பாதி இத்தகையதே. "உன்னை நம்பினேன்" என்று ஒருவர் சொல்லும்போது அதில் அன்பு இருக்கலாம், எதிர்பார்ப்பு இருக்கலாம், ஏமாற்றம் இருக்கலாம். எந்தப் பொருளில் சொன்னார் என்று அறியுமுன் மறுமொழி தொடுப்பதால்தான் வாய்ச்சண்டை வளர்கிறது. "நீ சொன்னதன் பொருள் என்ன?" என்று பொறுமையோடு ஒருமுறை கேட்பது பல மனத்தாங்கல்களைத் தொடக்கத்திலேயே ஆற்றிவிடும்.

ஏறத்தாழ 480 ஆண்டுகளுக்கு முன் இக்கரை மணலில் வெயிலிலும் அச்சத்திலும் அலைந்த ஒரு துறவி, முன்பின் அறியாத ஒரு மொழியின் இரண்டு சொற்களுக்காக உட்கார்ந்து மடல் எழுதினார். பிறந்தது முதல் அம்மொழியையே பேசிவரும் நாம், நம் வீட்டார் சொல்லும் ஒரு சொல்லின் பொருளைக் கேட்டறிய அந்த அளவு பொறுமையேனும் காட்டுவோமாக.